காலை ஒன்பது மணிக்குப் பதினான்கு டிக்

பூவனநாதனிடம் ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டால், சொன்னவர் அதை மறந்துவிடலாம். கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் வெளியில் தனியாக நிற்கிற அந்தத் தீப்பெட்டி ஆபீசில் இருபத்தாறு வருஷமாக இதுதான் ஏற்பாடு. தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. நூறு பேர் உட்கார்ந்து குச்சி அடைத்தாலும் அது ஆபீஸ்தான். லாரிக்கு எஃப்.சி. காட்டுகிற நாள், லைசென்ஸ் புதுப்பிக்கிற நாள், பெரிய முதலாளிக்குச் சர்க்கரை பார்க்கிற நாள் எல்லாம் பூவனநாதனிடம் இருக்கும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். காரியம் முடிந்தால் தாளைக் கிழித்துப் போடுவார். முடியாவிட்டால் அது பையிலேயே கிடந்து, வியர்வையில் நமுத்து, மறுநாள் இன்னொரு தாளோடு சேரும்.

பெட்டி அடைக்கிற காளீஸ்வரி, அவர் வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், பையைத்தான் பார்ப்பாள்.

"அண்ணாச்சிக்கு இன்னைக்கு நெஞ்சு வீங்கிருக்கு. யாருக்கோ கேடுகாலம்."

"உனக்குத்தான். பி.எஃப். பாரத்துல கையெழுத்துப் போடாம மூணு நாளா டிமிக்கி குடுக்க."

"என்னைய மட்டும் மறக்கவே மாட்டியளா?"

"எழுதி வச்சிருக்குல்லா."

பெண்கள் சிரிப்பார்கள். அலாரம் அண்ணாச்சி என்று அவருக்குப் பெயர் வைத்ததும் காளீஸ்வரிதான். பூவனநாதனுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு. பத்தாவதில் இரண்டு முறை தோற்றவர். ஆளும் ஒடிசல், குரலும் ஒடிசல். இந்த ஊரில் தமக்கென்று இருக்கிற ஒரே பெயர் அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

பெரிய முதலாளி படுத்துவிட்ட பிறகு, போன வருஷம் ஆனி மாதத்தில், மகன் கோகுலகிருஷ்ணன் பொறுப்பேற்றான். கோயம்புத்தூரில் படித்தவன். யாரையும் கை நீட்டிப் பேசாதவன். முதல் வாரமே பூவனநாதனின் மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஒரு காலண்டரை ஏற்றிக் கொடுத்தான். திரையின் இடப்பக்கம் மாதம் முழுவதும் கட்டம் கட்டமாக இருக்கும். வலப்பக்கம் அன்றைக்குச் செய்ய வேண்டியவை. முடித்ததும் பக்கத்திலுள்ள சின்னச் சதுரத்தில் டிக் அடித்தால் வரி பச்சையாகும். நேரம் கடந்தால் சிவப்பாகும்.

"அண்ணாச்சி, இனிமே பையில தாள் வேண்டாம். தினமும் வர்ற வேலைய ஒருதடவை போட்டா போதும், அதுவே மறுநாளும் வந்து நிக்கும்."

ஐம்பத்திரண்டு வயதில் பூவனநாதன் அதைப் பதினைந்து நாளில் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. ஒரு பழைய மடிக்கணினி வாங்கி வீட்டிலும் அதையே வைத்துக்கொண்டார். அப்பா திதி, கரண்டு பில், கேஸ் சிலிண்டர், மனைவி பேபிக்குக் காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை. பேபி மாத்திரையை வாயில் போட்டால் போதாது. தண்ணீர் குடித்து, அது தொண்டையில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் டிக் அடிப்பார்.

"எதுக்கு இப்படி தொண்டையவே பாத்துக்கிட்டு நிக்கிய? நான் என்ன துப்பவா போறேன்?"

"முடிஞ்சாத்தான் முடிஞ்சது."

அவருடைய சொந்தப் பட்டியலில் அன்று முதல் இன்று வரை பொய் டிக் ஒன்றுகூடக் கிடையாது.

ஆபீஸ் பட்டியல் ஆடியில் வந்தது. பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தினமும் காலை ஒன்பது மணிக்குள் முடிந்திருக்க வேண்டிய பதினான்கு வேலைகளை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது, தீயணைப்புத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது. ஆறாவது, முந்தைய நாள் தரையில் கூட்டிய கழிவுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துவது. மருந்து முனையோடு கிடக்கிற அந்தக் குச்சிகள்தான் எந்தத் தீப்பெட்டி ஆபீசுக்கும் எமன். பதினான்கையும் பூவனநாதனின் பெயரில் போட்டார்கள். வீட்டு மடிக்கணினியிலும் அந்தப் பட்டியல் தெரியும். அவர் டிக் அடித்தால் கோகுலகிருஷ்ணனின் போனிலும் பச்சை விழும்.

ஒன்பது மணிக்குத் தண்ணீர் ஏது? ஆபீசில் இருந்த போர்வெல் உப்பாகி, பிறகு வற்றியும் போனது. லாரித் தண்ணீர் பதினொன்றுக்கு வரும், சில நாள் பன்னிரண்டாகும். கழிவை நனைப்பதும் அதற்குப் பிறகுதான். இருபது வருஷமாக அப்படித்தான் நடந்தது. பட்டியல் வந்த பிறகு, ஒன்பதேகாலுக்கு இரண்டு வரிகள் சிவப்பாயின.

கோகுலகிருஷ்ணன் திட்டவில்லை. போனில், "அண்ணாச்சி, சிவப்பா இருக்கே" என்றான். அவ்வளவுதான். மறுநாளும் அதையே சொன்னான். ஆறாம் நாள் அந்தத் திரையைப் படம் எடுத்து, அவர்களுடைய நாலு ஆபீஸ் மேனேஜர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. பூவனநாதன் என்ற பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் இரண்டு என்று இருந்தது. விளாத்திகுளம் ஆபீஸ்காரர் ஒருவர் அலாரக் கடிகாரம் ஒன்றின் படத்தை அனுப்பினார்.

அன்று சாயங்காலம் பூவனநாதன் கேட்டார். "மொதலாளி, அந்த ரெண்டுக்கு மட்டும் நேரத்தைப் பன்னெண்டுன்னு மாத்திக்கலாமா?"

"ஒம்பதுன்னுதான் அவங்க குடுத்திருக்காங்க அண்ணாச்சி. கேட்டுப் பாக்குறேன்."

கேட்டானோ என்னவோ, நேரம் மாறவில்லை.

முதல் பொய் டிக் ஆவணியில் விழுந்தது. அது பொய் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அதிசயமாக லாரி ஒன்பதுக்கே வந்து கேட்டுக்குள் நின்றது. போர்மேன் தங்கப்பாண்டியன் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். இன்னும் பத்து நிமிஷத்தில் தொட்டி நிரம்பிவிடும். டிக் அடித்தார். நாலு நாள் கழித்து லாரி ரோட்டு முக்கில் வந்துகொண்டிருந்தபோது அடித்தார். புரட்டாசியில், "அடிங்க அண்ணாச்சி, கயத்தாறு தாண்டிட்டான்னு போன் வந்துட்டு" என்று தங்கப்பாண்டியன் சொன்னதும் அடித்தார். ஐப்பசியில் லாரி கிளம்பியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. காலையில் நாற்காலியில் உட்கார்வார், மேலிருந்து கீழே பதினான்கு சதுரத்திலும் வரிசையாக அடிப்பார், பிறகு எழுந்து போய் டீ குடிப்பார். எல்லா வேலையும் எப்படியும் மத்தியானத்துக்குள் நடந்துவிடும். நடக்கப்போவதைத்தானே அடிக்கிறோம் என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

குழுவில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பிறகு சிவப்பே வரவில்லை. கோகுலகிருஷ்ணன் ஒருநாள் கட்டைவிரல் படம் போட்டான்.

சித்திரை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. தண்ணீர் எடுக்கிற ஊரில் மாதாந்திரக் கரண்டு நிறுத்தம். மோட்டார் ஓடாது, லாரி எப்போது வரும் என்று தெரியாது. முந்தின நாளும் பாதி லோடுதான் வந்திருந்தது. அதைக் குடிக்கவும் கை கழுவவும் செலவழித்தாயிற்று. பூவனநாதன் ஒன்பது மணி இரண்டு நிமிஷத்துக்குப் பதினான்கும் அடித்தார்.

பத்தே முக்காலுக்கு, பெட்டி அடைக்கிற அறை வாசலில் குவித்திருந்த கழிவுக்குச்சியின்மீது யாரோ தகரத் தட்டை இழுத்தார்கள். சீறுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. பூவனநாதன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். காளீஸ்வரி வாளியோடு தொட்டிக்கு ஓடினாள். வாளியை உள்ளே வீசினாள். வாளி சிமெண்டுத் தரையில் மோதிய சத்தம் இத்தனை தூரத்துக்கும் வந்தது. அவள் ஒரு கணம் தொட்டிக்குள் குனிந்து பார்த்தபடியே நின்றாள். பிறகு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடித் தீயை அடித்தாள். உள்ளே இருந்த பதினோரு பெண்களும் பின்வாசல் வழியாக வெளியே வருகிறவரைக்கும் அடித்தாள். நைலக்ஸ் சேலை. அது எப்போது பற்றியது என்று யாரும் பார்க்கவில்லை.

லாரி பதினொன்றரைக்கு வந்தது. மிச்சத் தீயை அணைத்தார்கள். பிறகு தங்கப்பாண்டியன், யாரும் சொல்லாமலே, தொட்டியையும் நிரப்பினான். இரண்டு மணிக்கு அதிகாரிகள் வந்து பார்த்தபோது தொட்டி விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று சாயங்காலம் காளீஸ்வரியின் மகள் சத்யபிரியாவிடம் கோகுலகிருஷ்ணன் தன் போனைக் காட்டினான். அவள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்.

"நம்ம பக்கம் எல்லாம் சுத்தமா இருக்கும்மா. காலைல ஒம்பது ரெண்டுக்கே தொட்டி நெறஞ்சிருக்கு. கழிவும் எடுத்தாச்சு. அம்மாதான் பதட்டத்துல தண்ணிய எடுக்காம சாக்கத் தூக்கிட்டாங்க. பாரு, அண்ணாச்சி பேரு போட்டிருக்கு."

அவள் அந்தத் திரையைப் படித்தாள். பிறகு தலையை உயர்த்திப் பூவனநாதனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காளீஸ்வரிக்குத் தொண்டை வெந்திருந்தது, பேச்சு வரவில்லை. நாலாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள்.

ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. பேசினால் பூட்டிவிடுவார்கள், பூட்டினால் நூறு வீட்டில் உலை கொதிக்காது. தங்கப்பாண்டியன் அவர் பக்கமே வருவதில்லை. கோகுலகிருஷ்ணன் மட்டும் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"விசாரணைக்குக் கூப்பிடுவாங்க அண்ணாச்சி. நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். கேட்டா, கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க."

"அதுல இருக்கது..."

"அதுல இருக்கது உங்க பேரு. அத மறந்துராதிய."

முதன்முறையாக அவன் குரலில் இந்த ஊர்ப் பேச்சு வந்தது.

பத்தாம் நாள் சத்யபிரியா ஆபீசுக்கு வந்தாள். அம்மாவின் செருப்பையும் தூக்குவாளியையும் எடுத்துப் போக வந்தவள். அவற்றை ஒரு மஞ்சள் பையில் வைத்து மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, தொட்டியில தண்ணி இருந்துச்சா?"

பூவனநாதன் திரையைப் பார்த்தார். "ரெக்கார்டுல இருந்ததாத்தான் இருக்கு தாயி."

"ரெக்கார்டக் கேக்கல. உங்களைக் கேக்கேன்."

வெளியே குச்சிச் சட்டங்களை அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மேஜைமேல் கிடந்த பாரங்களை அடுக்கத் தொடங்கினார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி மாமா" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் மடிக்கணினியைத் திறந்தார். முடிந்த வேலைகள் என்று ஒரு இடம் அதில் உண்டு. எந்த வேலையை யார் எத்தனை மணிக்கு முடித்தார் என்று எல்லாம் அங்கே கிடக்கும். அதுவரைக்கும் அவர் அங்கே போனதில்லை. முடிந்ததை எதற்குப் பார்க்க வேண்டும்? இப்போது மாதம் மாதமாகப் பின்னால் போனார். பதினான்கு வேலையும் ஒரே நிமிஷத்தில் முடிந்திருந்தன. ஒரு நாளைப் போலவே மறு நாளும். எட்டு மாதப் பச்சை, பயிர் நிறைந்த வயலைப் போல இருந்தது.

ஐப்பசிக்கு வந்ததும் கை நின்றது.

தீபாவளி. காலை எட்டு ஐம்பத்தெட்டு. தொட்டி நிரப்பியாயிற்று, கழிவு எடுத்தாயிற்று, மின்கம்பி சோதித்தாயிற்று. அன்றைக்கு ஆபீசே பூட்டு. வாட்ச்மேன்கூட ஓட்டப்பிடாரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். தினமும் வருகிற வேலைக்குப் பண்டிகை தெரியாது. விடுமுறை நாளிலும் வந்து நின்று சிவப்பாகும் என்று, எண்ணெய்த் தலையோடு இதே பாயில் உட்கார்ந்து பூவனநாதன் அதை அடித்திருக்கிறார். தைப்பொங்கலுக்கும் அடித்திருக்கிறார். மாட்டுப்பொங்கலுக்கும். பேபி சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்ததுகூட நினைவுக்கு வந்தது. ஒரு கையால் வாங்கிக்கொண்டே மறு கையால் அடித்தார்.

பேபி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, முகம் இப்படி இருக்கு?"

சொன்னார். வாளிச் சத்தத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பேபி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இதக் கொண்டுபோய்க் குடுக்கப் போறியளா?"

"குடுத்தாத்தான் அவ மேல போட்ட பழி போவும்."

"அவிய பெரிய இடம். வக்கீல் வச்சு வெளிய வந்துருவாவ. உங்களுக்கு யாரு இருக்கா? ஊருல எவன்தான் முடிக்காத வேலைய முடிச்சேன்னு சொல்லல? நீங்க ஒருத்தர்தானா?"

"நான் சொன்னா நம்புவாங்கல்லா, பேபி. அதுதான்."

அவள் அழவில்லை. "சட்டையில பட்டன் போயிருக்கு, கழட்டுங்க, தச்சித் தாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தார். கடைக்காரன், "நாப்பது பக்கம் வருது. கலரா, கறுப்பு வெள்ளையா?" என்று கேட்டான்.

"கலர். பச்சை தெரியணும்."

விசாரணை ஒரு அரசு அலுவலகத்தின் பின்கட்டில் நடந்தது. வராந்தா பெஞ்சில் சத்யபிரியா உட்கார்ந்திருந்தாள். அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். கதவு திறந்தேதான் இருந்தது, உள்ளே பேசுவது வெளியே கேட்கும். விசாரணை அதிகாரி தாள்களைப் புரட்டினார். தீபாவளிப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு ஆபீஸ் இருந்துச்சா?"

"பூட்டு சார்."

"பூட்டுன ஆபீஸ்ல யாரு தண்ணி ரொப்புனது?"

"யாரும் இல்ல சார். நான் வீட்ல இருந்து டிக் அடிச்சேன்."

"விபத்தன்னைக்கு?"

"தொட்டி காலி சார். வாளி அடியில மோதுன சத்தத்தை நான் கேட்டேன். கழிவும் நனைக்கல. அந்தப் பொம்பள மேல ஒரு தப்பும் கிடையாது. பதினோரு பேர வெளிய விட்டுட்டுத்தான் அவ எரிஞ்சா."

"பொய்யா அடிக்கச் சொன்னது யாரு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்துத்தான் வந்தார். ராத்திரியெல்லாம் யோசித்தும் இருந்தார். யோசிக்க யோசிக்க, அப்படி ஒருவர் சொன்ன ஒரு நாள்கூட அகப்படவில்லை.

"யாரும் சொல்லல சார். சிவப்பா இருக்கேன்னு மட்டுந்தான் மொதலாளி சொன்னாவ. நேரத்தை மாத்தக் கேட்டேன், மாத்தல."

அதிகாரி எழுதியதை வாசித்துக் காட்டினார். யாரும் சொல்லவில்லை, நானாகவே செய்தேன் என்று இருந்தது. அதோடு நின்றது.

"மிச்சத்தையும் எழுதுங்க சார்."

"எது?"

"சிவப்பு. நேரம் மாத்தக் கேட்டது. அதுவும் நான் சொன்னதுதான்."

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு இரண்டு வரி சேர்த்தார். பூவனநாதன் முழுவதையும் ஒரு வரி விடாமல் வாசித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். தங்கப்பாண்டியனைப் பற்றிக் கேட்டதற்கும் நடந்ததைச் சொன்னார். ஒரு போலீஸ்காரர், ஸ்டேஷன் வரைக்கும் வர வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

வெளியே வந்தபோது பெஞ்சுக்கு முன்னால் நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாழ்க்கையில் புழங்கியதில்லை, அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"எழுதிட்டாங்க தாயி. தொட்டியில தண்ணி இல்லன்னு எழுதிட்டாங்க. அம்மா மேல தப்பு இல்லன்னு."

சத்யபிரியா அவரைப் பார்க்காமலே பேசினாள்.

"அவளுக்குப் பேச்சுதான் வரல மாமா. காது கேட்டுச்சு."

போலீஸ்காரர் ஜீப்பைப் பார்க்கப் படியிறங்கினார்.

"ரெண்டு நாளா நான் அவகிட்டக் கேட்டேன். தொட்டி நெறஞ்சு கெடந்துச்சாம்லா, கண்ணு தெரியலயாம்மா ஒனக்கு, தண்ணி எடுக்கத் தெரியாதா ஒனக்குன்னு. கேக்கக் கேக்கத் தலைய ஆட்டுனா. இல்ல, இல்லன்னு ஆட்டுனா. வலியில ஆட்டுதான்னு நெனச்சேன். நம்பல நான். உங்க பேரு போட்டிருந்துச்சு."

வராந்தாவில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். 

"பெரியவரே, ஜீப்பு நிக்கி" என்றார் போலீஸ்காரர்.

அந்த வராந்தா குறுகல். அவர் போவதற்காக அவள் தன் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.